பல்க்குக்குப் போகாத சாம்பிள்

பொங்கலூர்ப் பக்கம் வற்றிய கிணற்றையும் நாலு எருமையையும் விட்டுவிட்டுத் திருப்பூருக்கு வந்தவன் நான். படிப்பு அஞ்சாம் வகுப்போடு சரி. பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் அதை விட்டேனா என்பதில் இன்னும் தகராறு இருக்கிறது. வாடகைக் கொட்டகையில் ரெண்டு பழைய மிசினைப் போட்டு ஆரம்பித்தேன். ஓடு ஒழுகினால் மிசினுக்குக் குடை பிடித்துக்கொண்டு நான் நனைந்தேன். கரண்ட் இல்லாத காலத்தில் ஜெனரேட்டரோடு குடும்பம் நடத்தினேன். சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்தபோது துணியை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சாயம் ஏற்றி வந்தேன். இங்கிலீஷ் தெரியாமலே வெள்ளைக்காரனிடம் ஆர்டர் பிடித்தேன். அவன் தலையாட்டினால் நானும் ஆட்டுவேன். அவன் முறைத்தால் டீ சொல்லுவேன். இன்றைக்கு முதலிபாளையத்தில் சொந்தக் கட்டடம்.

இத்தனையும் கட்டி எழுப்பியவன் சொல்கிறேன், இதில் எதுவும் என்னைக் களைக்க வைக்கவில்லை. களைக்க வைத்தது ஒரே ஒரு ஆள். எந்த வேலையையும் முடிக்காமல், அதே சமயம் ஒரு நிமிஷம்கூடச் சும்மா இருக்காமல், ஒரு ஆயுசையே ஓட்ட முடியும் என்று நிரூபித்த மனிதர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான்.

எங்கள் தொழிலில், ஆர்டர் தருகிற பையர் முதலில் ஒரே ஒரு பனியனைத் தைத்து அனுப்பச் சொல்வான். அது சாம்பிள். அதை அவன் இழுத்துப் பார்த்து, அளந்து பார்த்து, ஒரு அட்டையில் 'அப்ரூவ்டு' என்று கையெழுத்துப் போட்டுக் கட்டி அனுப்பினால்தான் ஆயிரக்கணக்கில் தைக்கத் தொடங்குவோம். அதற்குப் பெயர் பல்க். நான் சொல்கிற ஆள் என்னிடம் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து சாம்பிள் மட்டுமே தைத்தவர். பல்க் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை. ஒரு காலரைப் பிரித்துப் பிரித்துத் தைத்து, கடைசியில் அந்தக் காலருக்கே அலுத்துப்போகும். அவர் தைத்ததைப் பார்த்து மயங்கி ஆர்டர் தந்த பையர்கள், பல்க்கைப் பார்த்ததும் என்னிடம் சண்டைக்கு வந்திருக்கிறார்கள்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். வாட்ச்மேன் முதல் என் சம்சாரம் வரை எல்லோருக்கும் அவர் சாம்பிள்தான்.

அவரிடம் இன்னொரு சரக்கு இருந்தது. பையர் அனுப்புகிற அளவுகளை வைத்தே, அந்தத் துணியைப் போட்டுக்கொள்ளப் போகிறவன் யார் என்று சொல்லிவிடுவார். டீ நேரத்தில் பெண்கள் எல்லாம் அவரைச் சுற்றி நின்றுகொள்வார்கள்.

"இந்த டீசர்ட்டப் பாருங்க. வவுறு இத்தாச்சோடு, தோளு இத்தினியூண்டு. இந்த ஆளு நின்னுக்கிட்டே சாப்படறவனுங்க."

"ஏனுங்ணா நின்னுக்கிட்டு?"

"உக்காந்தா சம்சாரம் ஏதாச்சும் வேலை சொல்லுமல்லோ?"

அவர் சம்சாரம் சரசுவும் அதே கூட்டத்தில்தான் நிற்பாள். மிசின்கள் வரிசையாக நிற்கிற என் லைனில், துணி ஓரம் பிரியாமல் தைக்கிற ஓவர்லாக் டெய்லர். இப்போதெல்லாம் டெய்லர்கள் ஒரு காதில் ஒயரை மாட்டிக்கொண்டுதான் தைக்கிறார்கள். பாட்டு சலித்துப்போய், யாராவது பேசுவதைக் கேட்கிறார்கள். பாட்காஸ்டாம். ஒரு நாள் சரசு என் முன்னாலேயே அவரிடம் சொல்லிவிட்டாள்:

"ஏனுங், எவனெவனோ காதுக்குள்ள வந்து பேசறான். நீங்க ஒண்ணு பேசிப் போட்டா என்ன? என்ற முட்டி இருக்கற வரைக்குந்தான் எனக்கு மிசினு. அதுக்குள்ள ஒருக்கா, மத்தவங்களாட்டம் மிசின்ல உக்காந்து, உங்க பேச்சக் காதுல மாட்டிக் கேட்டுப்போடோணும்."

"ஊட்டுலதான் தெனமும் பேசறாரே?" என்றேன்.

"அதை யாருங்க கேக்கறா?" என்றாள்.

அவளுக்கு அப்போதே முழங்கால் தேய ஆரம்பித்திருந்தது. சாம்பிள் அன்றைக்கே, "அடுத்த வாரம் போட்டுரலாம்" என்று வாக்குக் கொடுத்தார். அந்த அடுத்த வாரம் வர ரெண்டு வருஷம் ஆயிற்று.

அந்த ரெண்டு வருஷமும் அவர் தூங்கிவிடவில்லை. அதுதான் கொடுமை. முதலில் மைக். வந்த மைக்கையெல்லாம் திருப்பி அனுப்பினார். குரல் எப்படிக் கேட்கிறது என்று பார்க்கவே இல்லை. மைக்குக்குப் போட்டிருந்த பஞ்சு உறையில் தையல் கோணலாம். கடைசியில் ஒன்றை வைத்துக்கொண்டு, அதற்கு, பனியன் கழுத்துக்கு வைக்கிற ரிப் துணியில் தானே உறை தைத்தார். பிரித்தார். மறுபடி தைத்தார். என் சாம்பிள் செக்‌ஷனில் அந்த மாசம் மிக நன்றாகத் தைக்கப்பட்ட உருப்படி அந்த மைக்கின் ஜட்டிதான்.

அடுத்தது படம். பாட்காஸ்டுக்கு முகப்பில் ஒரு சின்னப் படம் வேண்டுமாம். பின்னணி நீலம் என்று முடிவு செய்தார். எந்த நீலம்? வேறு யாராக இருந்தாலும் போனில் ஒன்றைத் தொட்டு வேலையை முடித்திருப்பான். இவர் சாயப்பட்டறை மாஸ்டரைப் பிடித்து, துண்டுத் துணிகளில் விதவிதமான நீலத்தை ஏற்றி வாங்கிவந்துவிட்டார். ஆர்டருக்கு நிறம் பார்க்க நாங்கள் செய்கிற அதே முறை. அந்தத் துண்டுகளை விளக்குப் பெட்டிக்குள் வைத்துக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றவரைப் பார்த்ததும் எனக்கு உட்கார வேண்டும் போல் இருந்தது.

"யோவ் சாம்பிளு, அது போன்ல தெரியற படமல்லோ? அதுக்கு எதுக்குயா சாயம்?"

"கடை வெளிச்சத்துல ஒரு மாதிரி, வெயில்ல ஒரு மாதிரி தெரியக்கூடாதல்லங்க மொதலாளி?"

மாஸ்டர் என்னிடம் தனியாகக் கேட்டார்: "அண்ணா, இது எந்த பையருங்க? இத்தனை கரைச்சல் பண்றானே!"

இதற்கு நடுவில், பேச இடம் தேடினார். ஆபீஸில் ஏசி இரைகிறதாம். மாடிப்படியில் எதிரொலியாம். கடைசியாகத் துணி குடோனைக் கண்டுபிடித்தார். நாலு பக்கமும் ரோல் ரோலாகப் பருத்தித் துணி. சத்தத்தை அப்படியே குடித்துவிடும். உள்ளே நின்று தும்மினால் நமக்கே கேட்காது. ஆனாலும் மிசின்களுக்குக் காற்று அனுப்புகிற கம்ப்ரஸரின் இரைச்சல் சுவர் வழியாக வருகிறது என்றார். எனக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது. ஒரு நாள் போய் கம்ப்ரஸரை நிறுத்திவிட்டார்.

லைன் அப்படியே நின்றது. ஷிப்மென்ட் நெருக்கிக்கொண்டிருந்த நாள். நான் கத்திக்கொண்டே ஓடினேன். குடோனுக்குள் அவர் கண்ணை மூடிக்கொண்டு மைக்கிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தார்.

"மொதலாளிங்க, இப்பத்தான் நல்லா வந்துச்சு. உங்க சத்தம் உள்ள உழுந்துருச்சுங்களே!"

திட்ட வந்தவன் நான். மன்னிப்புக் கேட்காத குறையாகத் திரும்பி வந்தேன்.

இதற்குள் அவருடைய முதல் வரி கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. அத்தனை தடவை அதையே பேசியிருக்கிறார். அவர் லைனைக் கடந்து நடந்தாலே ஒருத்தி எடுத்துக்கொடுப்பாள்: "வணக்கமுங்க! நீங்க இப்பத் தைக்கிறது யாருக்குன்னு தெரியுமுங்களா?"

மொத்த வரிசையும் சேர்ந்து சொல்லும்: "தெரியாதுங்! நீங்க சொன்னாத்தானுங் தெரியும்!"

சரசுவும் சேர்ந்துதான் சொல்லுவாள். ஆனால் அவள் சிரிப்பு நாளாக ஆகக் குறைந்துகொண்டே வந்தது. மிசினிலிருந்து எழுந்திருக்க மேஜையைப் பிடிக்க ஆரம்பித்தாள். பிறகு பக்கத்தில் இருக்கிறவளின் தோளை. ஒரு நாள் ஆபீசுக்கு வந்து நின்றாள்.

"டாக்டரு இனி மிசின்ல உக்காரப்படாதுன்னுட்டாருங்க. வர்ற சனிக்கெழமையோட நின்னுக்கறேன்."

"சாம்பிளுக்குத் தெரியுமா?"

"தெரியுமுங்க. அதுக்குள்ள போட்டுர்றன்னு சொல்லியிருக்காரு." வாசலில் திரும்பினாள். "அவரு பொய் சொல்ற ஆளில்லீங்க. என்ன, முடிக்கமாட்டாரு."

சனிக்கிழமை வந்தது. அந்தச் சனிக்கிழமையை நான் என் எதிரிக்கும் கொடுக்கமாட்டேன். ஒரு கலர் துணி வரவில்லை. வந்த துணியில் ஓட்டை. ஒரு பையர் ஆர்டரைப் பாதியாகக் குறைத்துவிட்டு, மெயிலை நன்றி என்று முடித்திருந்தான். நாற்பது வருஷம் ஓடின கால் திடீரென்று போதும் என்றது. டீ மணி அடித்து முடிந்த நேரம், எங்கேயாவது சத்தம் இல்லாத இடத்தில் உட்கார வேண்டும் என்று தோன்றியது. குடோனுக்குப் போனேன்.

அங்கே சாம்பிள் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வெளுத்துக் கிடந்தது.

"ஏய்யா, போட்டாச்சா?"

"இன்னொருக்கா பேசிப் பாத்துட்டுப் போட்டர்றனுங்க."

"சரசு கெளம்பப் போறாய்யா."

"தெரியுமுங்க." மைக் உறையை இழுத்துச் சரிசெய்தார். "வாய் காஞ்சு போகுதுங். ஒவ்வொருக்காவும் முந்தினதே தேவலைன்னு தோணுது."

எனக்குக் கோபப்படக்கூடத் தெம்பு இல்லை. ஒரு துணி ரோலின் மேல் உட்கார்ந்தேன். "பேசினதுலயே நல்லா வந்தது எது?"

"அது ரிஜெக்டுங்க. கம்ப்ரஸரை நிறுத்தின அன்னிக்குப் பேசினது. உங்க சத்தம் உழுந்ததல்லங்க?"

"போடு, கேப்பம்."

போட்டார். ஒரு பையர், கை மட்டும் ரெண்டு இஞ்சு நீளமாகக் கேட்ட சட்டை பற்றிய கதை. யார் அப்படிக் கேட்பார்கள்? விடியக்காலையில் பஸ்ஸுக்கு நிற்கிற ஒரு பொம்பளை என்கிறார் சாம்பிள். குளிருக்குக் கையுறை வாங்க மறந்துகொண்டே இருப்பாள். சட்டைக் கையை விரல் வரைக்கும் இழுத்து விட்டுக்கொண்டு நிற்பாள். "அந்தம்மாவும் வேலைக்குப் போறவதானுங்க. அவ கையி குளுராம இருக்கறதுக்கு நீங்க இங்க வேர்த்துக்கிட்டுத் தைக்கறீங்க. ரெண்டு பேரும் பாத்துக்கப் போறதில்லை. ஆனா தையலு ஒண்ணுதானுங்க." நடுவில் ஒரு இருமல். 'அப்புறம்' என்ற வார்த்தை கணக்கில்லாமல். கடைசியில் தூரத்திலிருந்து என் குரல்: "எவன்டா கம்ப்ரஸரை நிறுத்துனது!"

துணி ரோலின் தூசி, கண்ணில் பட்டுவிட்டது.

சட்டைப் பையிலிருந்து ஒரு அட்டையை எடுத்தேன். இங்கிலீஷில் என்னால் தப்பில்லாமல் எழுத முடிந்தது 'அப்ரூவ்டு' என்பதும் என் கையெழுத்தும்தான். ரெண்டையும் எழுதினேன். கீழே தமிழில், பையர்கள் எழுதுகிற மாதிரியே குறைகளை எழுதினேன்: இருமல், அப்புறம், மொதலாளி சத்தம். அதற்கும் கீழே, தொழிலில் எல்லோருக்கும் தெரிந்த அந்த வரி: பல்க்கில் சரிசெய்துகொள்ளவும். சின்னக் குறை உள்ள சாம்பிளுக்கு பையர் அப்படித்தான் எழுதுவான். அதற்குப் பிறகு அந்த சாம்பிளைத் தொடக்கூடாது. அடுத்ததைத் தைத்துத்தான் திருத்த வேண்டும்.

அட்டையை நூலில் கோர்த்து மைக்கில் கட்டினேன்.

சாம்பிள் அதை ரெண்டு கையாலும் பிடித்துப் படித்தார். பையர் அட்டையைப் படிக்கும்போது உட்காருகிற மாதிரியே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கமெண்ட்ஸோட அப்ரூவலுங்களா?"

"ஆமா."

"பல்க்கு எப்பிடிங்க?"

"வாரம் ஒண்ணு."

"மொத டெலிவரி?"

"இப்பய்யா! அவ இன்னும் மிசின்லதான் இருக்கா!"

போனில் ஏற்றுகிற பட்டனை அமுக்கினார். அமுக்கிவிட்டு, கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

நாங்கள் ரெண்டு பேரும் லைனுக்குப் போய்த் தள்ளி நின்றோம். பக்கத்து மிசின்காரிதான் முதலில் போனைப் பார்த்தாள். சரசுவின் தோளைத் தட்டினாள். சரசு ஒயரைக் காதில் மாட்டினாள். மிசினை நிறுத்தவில்லை. துணி ஓடிக்கொண்டே இருந்தது, கை பாட்டுக்கு வேலை செய்தது. இடையில் ஒரு தடவை சிரித்தாள். பிறகு ஒரு தடவை முழங்கையால் கண்ணைத் துடைத்தாள். சாம்பிளால் பொறுக்க முடியவில்லை. ஓடிப்போய்ப் பக்கத்தில் குனிந்தார்.

"ஏங்கண்ணு, எப்பிடி இருக்குது? அந்த இருமல் வந்துச்சா? அதொண்ணு..."

சரசு அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சித்தெ சும்மா இருங்க. கேட்டுட்டிருக்கறனல்லோ!"

அதற்குப் பிறகு வாரம் தவறவில்லை. போன வாரத்துக் குறையைத் திருத்தினேன் என்று சொல்லித்தான் தொடங்குகிறார். திருத்திய இடத்தில் புதிதாக ஒன்று முளைத்திருக்கும். சரசு இப்போது வீட்டில்தான் இருக்கிறாள். சாம்பிள் வீட்டில் வாயைத் திறந்தால், "பேசிப் போட்டுருங்க, பொறவு கேட்டுக்கறேன்" என்கிறாளாம்.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு ஆகவில்லை. ஒவ்வொரு தடவையும் கடைசியில் நன்றி சொல்கிறார். சரசுவுக்கு நன்றி. சாயப்பட்டறை மாஸ்டருக்கு நன்றி. குடோனில் இருக்கிற துணி ரோலுக்கு நன்றி. ஒரு தடவை கம்ப்ரஸருக்கே நன்றி சொன்னார். அந்த அட்டையை எழுதியது யார்? கம்ப்ரஸரா?

அது வருகிற நாளெல்லாம் சாயந்தரம் உடம்பெல்லாம் வலியோடு வருகிறேன். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமல், கடைசி வார்த்தை வரைக்கும் கேட்கிறேன். உள்ளேயிருந்து சம்சாரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். சாம்பிள், நான் இதை எழுதுகிற பத்திரிகை உங்கள் வீட்டுக்கும் வருகிறது என்று எனக்குத் தெரியும். அப்ரூவல் கொடுத்தவன் நான். என் பெயரை, இனிஷியலோடு, நிறுத்தி நிதானமாகச் சொல்ல வேண்டும். அது வருகிற வரைக்கும் கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். வந்த பிறகும் கேட்பேன், அது வேறு விஷயம்.