பல்லில்லாத வாயில் பதினான்கு புழு

பெரியகல்லாறு ஊரில் சனிக்கிழமை விடிந்தால் சனம் கோயிலுக்குப் போகிறதோ இல்லையோ, நாட்டு வைத்தியம் பார்க்கும் சீனித்தம்பிப் பரியாரியின் முற்றத்துக்குப் போய்விடும். பல்லுப் புழு எடுக்க! ஆஸ்பத்திரி இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஆனால் அங்கே புழுவைக் காட்டமாட்டார்களே!

பரியாரி காட்டுவார். தண்ணீர்த் தட்டின் நடுவே செங்கல், அதன்மேல் பழுக்கக் காய்ந்த இரும்பு. அதில் எண்ணெயும் ஒரு பிடி மருந்தும் போட்டு, ஓட்டைச் சட்டியைக் கவிழ்ப்பார். ஓட்டையில் செருகிய குழலில் பிள்ளை வாயை வைத்து இருமும், அழும். சட்டியைத் தூக்கினால் தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகப் புழு மிதக்கும்.

கேதீஸ்வரியின் மகள் ஆர்த்திகாவின் வாயிலிருந்து பதினொரு புழு வந்தது. பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஆறுதான். கேதீஸ்வரிக்கு அதில் ஒரு பெருமைகூட, கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் பல் பார்க்கும் ஸாதியா மிஸ், பல்லை அடைக்கச் சம்மதம் கேட்டுப் பெற்றோருக்கு முப்பத்துநான்கு துண்டுக் கடிதம் அனுப்பினார். இருபத்தேழில் ஒரே பதில்: 'புழு எடுத்தாச்சு, தேவையில்லை.' கேதீஸ்வரி எழுதியது நல்ல வடிவான கையெழுத்து. மிஸ் அவளைக் கூப்பிட்டார்.

"அக்கா, இது விழுந்து முளைக்கிற பல்லில்ல. சாகுமட்டும் இதுதான். ஒரு கிழமைக்குள்ள அடைச்சாத் தப்பும், இல்லாட்டிப் புடுங்கத்தான் வேணும்."

"பதினொரு புழு, மிஸ். என்ட கண்ணால பாத்தன்."

மிஸ் வாதாடவில்லை. நாளைக்குப் பரியாரியிடம் பள்ளிக்கூடக் காவலாளி உதயரூபனையும் கூட்டிக்கொண்டு போகச் சொன்னார், அவ்வளவுதான்.

உதயரூபன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு முனகினார். பரியாரி புகை போட்டார். பதினான்கு புழு! சனம் வாயில் கை வைத்தது. உதயரூபனும் வாயில்தான் கை வைத்தார். மேல் செட்டு, கீழ் செட்டு, இரண்டையும் கழற்றிப் பாயில் வைத்தார். சொந்தப் பல் போய்ப் பன்னிரண்டு வருடமாம்.

பரியாரி அசைந்தாரா? "அது முரசுப் புழு, ஈறுக்குள்ள இருக்கிறது. பல்லில்லாத ஆக்களுக்குத்தான் கூட" என்றார். ஓம், ஓம் என்று முற்றமே தலையாட்டியது. சீ, வெட்கம்கெட்ட தலைகள்!

கேதீஸ்வரியின் தலையும் பாதிவரை ஆடிவிட்டது. அப்போதுதான் மிஸ் சொன்ன கெடு நெஞ்சில் தைத்தது. இவன் பேச்சைக் கேட்டுப் பிள்ளையின் பல்லைத் தின்னக் கொடுத்தேனே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். விறுக்கென்று போய்ப் பழைய தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றினாள். மருந்தை அள்ளி இரும்பில் போட்டுச் சட்டியைக் கவிழ்த்தாள். குழலுக்குப் பக்கத்தில் ஒருவரையும் விடவில்லை. புகை வானத்துக்குப் போனது. சட்டியைத் தூக்கினாள். தட்டு நிறைய வெள்ளைப் புழு.

"இது ஆர்ர வாய்ப் புழு, ஐயா?"

பரியாரி மருந்துப் பையை மறைக்கப் பார்த்தார். கேதீஸ்வரி அதைப் பறித்து உதறினாள். அத்தனையும் கண்டங்கத்தரி விதை. சூட்டில் விதை வெடித்து உள்ளிருக்கும் முளை வெளியே தெறிக்கிறது. அதுதான் இத்தனை நாளும் புழு!

திங்கட்கிழமை மிஸ் ஆர்த்திகாவின் பல்லை அடைத்தார். பல் தப்பியது. இன்னும் பத்தொன்பது பெற்றோர் புதிதாகச் சம்மதம் எழுதிக் கொடுத்தார்கள். மீதி ஏழு பேர், காதுப் புழு எடுக்கும் பரியாரி எந்த ஊரில் இருக்கிறார் என்று விசாரித்துக்கொண்டு திரிகிறார்கள். அவர்களுக்கு ஒன்று சொல்லுவேன்: பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லுமுன், நீங்கள் ஒருதரம் கண்ணைத் திறவுங்கள்.