பிள்ளை பிறக்காமல் மெக்லி கிடையாது

இதை நான் சரியாகச் சொல்வேனா என்று பயமாக இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். கடவுள் விஷயத்தில் ஒரு வார்த்தை பிசகினால், பாதிரியாரிடமும் பேச்சு கேட்கவேண்டும், எதிர்வீட்டு நஸ்ரியிடமும் கேட்கவேண்டும். நடந்ததை நடந்தபடி சொல்லிப் பார்க்கிறேன்.

டிசம்பர் பிறந்தால் எங்கள் மலையடிவார ஊரான சஹ்லேயில் மலைமேலிருந்து மூடுபனி இறங்கிவிடும். தெரு எது, ஆறு எது என்று தெரியாது. அந்தப் பனிக்குள் மிதந்துபோய், காபிக்கடையில் கடவுளைக் கேலி செய்துவிட்டு மிதந்து திரும்புவதுதான் நஸ்ரிக்கு வேலை. மருந்துக்கடையை விற்றபிறகு வேறு வேலை இல்லை.

அந்த வருஷம் கொஞ்சம் அதிகமாகவே மிதந்துவிட்டார்.

"என் வீட்டுல கிறிஸ்துமஸ் உண்டு. மரம் உண்டு, விருந்து உண்டு. சாமி மட்டும் கிடையாது. மரத்தடியில குழந்தைசாமி குடில் ஒண்ணு கண்ணுல பட்டா, வருஷம் பூரா ஞாயித்துக்கிழமை கோயில்ல முன்வரிசையில உட்கார்றேன்."

கோயிலில் பாடுகிற ஷாஹீன் அதைக் கேட்டுக்கொண்டார். "பண்டிகை அன்னிக்கு மத்தியானம் வந்து பார்க்கிறேன்" என்றார்.

நஸ்ரி வீட்டுக்கு வந்து மனைவி லமியாவிடம் சொன்னார். பெரிய சண்டைக்குத் தயாராக நின்றார்.

"சரிங்க" என்றாள் லமியா.

"சரியா? அவ்வளவுதானா?"

"நம்பாததைச் செய்யறது வேஷம்னு நீங்கதானே சொல்வீங்க. நமக்கு வேஷம் வேணாம்."

சொன்னபடியே இருந்தாள். குடிலைச் சுற்றி வைக்க வருஷாவருஷம் பஞ்சில் கோதுமை முளைக்கப் போடுவாள். அதையும் போடவில்லை. நஸ்ரி கணப்பருகே கால்நீட்டிக் கண்ணை மூடினார். கண்ணுக்குள் பழுப்பு நிறத்தில் ஒரு கடல் மெல்ல அசைந்தது. சீமைச்சீரக வாசமும் பட்டை வாசமுமாகக் காற்று. கடல்மேல் தேங்காய்த்துருவல் பனியாகப் பெய்தது. ஊறவைத்த அக்ரூட் பருப்புகள் படகு படகாகப் போயின. மெக்லி. அரிசிமாவில் கிண்டுகிற அந்த இனிப்புக்காகத்தான் அவர் பதினோரு மாதமும் உயிரோடு இருந்தார். தினமும் அதே கனவு. கரண்டியை நீட்டும்போது விழித்துக்கொள்வார்.

பண்டிகை காலையில் அடுக்களைக்குப் போனார்.

"மெக்லி எங்கே?"

"யாருக்குக் குழந்தை பிறந்திருக்கு?"

"என்ன கேள்வி இது?"

"பிள்ளை பிறந்த வீட்டுலதானே மெக்லி கிண்டுவாங்க? நம்ம வீட்டுல யாரும் பிறக்கலையே."

"வருஷாவருஷம் கிண்டினியே."

"அப்போ குடில் இருந்துச்சு. அதுல ஒரு பிள்ளை பிறந்துச்சு."

"லமியா, அது வெறும் மாவும் சர்க்கரையும். அதுக்கும் நம்பிக்கைக்கும் என்ன சம்பந்தம்?"

"சம்பந்தம் இல்லாட்டி ஆகஸ்டுல கேட்டிருக்கலாமே. மாடி வீட்டு மருமகளுக்கு ஏழாம் மாசம். பொறுத்துக்குங்க."

மத்தியானம் ஷாஹீன் வந்தார். நானும் போயிருந்தேன். மரத்தடியில் வெறும் தரை. ஷாஹீனுக்கு முகம் வாடிவிட்டது. நஸ்ரி ஜெயித்துவிட்டார். ஆனால் ஜெயித்த முகமாக அது இல்லை.

அப்போது லமியா ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்து, மேலிருந்த துணியை விலக்கினாள். நாலு கிண்ணம். நாலிலும் மெக்லி. சீரக வாசம் அறை முழுவதும் பனிபோலப் பரவியது. அது கனவா நனவா என்று நஸ்ரிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கையை நீட்டினார்.

லமியா தட்டை இழுத்துக்கொண்டாள்.

"வீட்டு ஆம்பளை ஒரு வார்த்தை சொல்லணும். பிள்ளை பிறந்திருக்கா?"

நஸ்ரி ஷாஹீனைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். ஜன்னலுக்கு வெளியே மலை இருக்க வேண்டிய இடத்தைப் பார்த்தார்.

"பிறந்திருக்கு" என்றார் மெதுவாக.

"எங்கே?" என்றார் ஷாஹீன்.

"பெத்லகேம்ல. கரண்டியைக் குடு."

கொடுத்தாள். அவர் கண்ணைமூடி முதல் வாயை வைத்தார். கண்ணைத் திறப்பதற்குள் மரத்தடியில் குடில் வந்துவிட்டது. குழந்தை, மாடு, கழுதைப் பொம்மைகள் எல்லாம் அவள் ஏப்ரன் பையிலேயே இருந்திருக்கின்றன.

"பிறந்த பிள்ளையைத் தரையிலயா போடறது?" என்றாள்.

"ஞாயித்துக்கிழமை ஒன்பதரைக்குப் பூசை" என்றார் ஷாஹீன்.

"வச்சது அவ. நான் சொன்னது சாப்பாட்டுக்காக" என்றார் நஸ்ரி. "அஃபீஃபா, நீயே நியாயம் சொல்லும்மா. நான் நம்பியா சொன்னேன்?"

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். நான் மெக்லியை வாய்நிறைய எடுத்துப் போட்டுக்கொண்டேன். ஷாஹீன் கோட்டை மாட்டிக்கொண்டு வாசல் தாண்டும்வரை அதை விழுங்கவே இல்லை.