ஆள்காட்டியின் வரவேற்புரை

ஒரு காட்டில் கருத்துச் சுதந்திரத்துக்கு ஒரு குறைவும் இல்லை. காட்டின் நுழைவிலேயே, ‘இங்கே யாரும் எதையும் பேசலாம்’ என்று பெரிதாக ஒரு பலகை வைத்திருந்தார்கள். அதன் கீழே ‘வரம்புகள் பின்வருமாறு’ என்று ஓர் அம்புக்குறி. வரம்புகள் அந்தப் பலகையில் அடங்கவில்லை. பக்கத்தில் ஒன்று, அதன் பக்கத்தில் இன்னொன்று என்று நட்டுக்கொண்டே போனதில் ஓடைக்கரை வரைக்கும் வந்துவிட்டது.

அந்த ஓடைக்கரைக் கூழாங்கற்களுக்கு நடுவே முட்டையிட்டுக் குடியிருந்தாள் வடிவு என்கிற ஆள்காட்டிக் குருவி. ரொம்பக் கூச்ச சுபாவம். எதிரே மயில் வந்தால்கூடத் தலையைக் குனிந்துகொண்டு, நெட்டைக் கால்களால் விறுவிறுவென்று ஒதுங்கிப் போய்விடுவாள். ஆனால் புல்லுக்குள் புலியின் வரி தெரிந்துவிட்டால் எங்கிருந்துதான் அந்தக் குரல் வருமோ! “புலி வருது! புலி வருது!” என்று காடே அதிரக் கத்துவாள். மான்கள் ஓடிப் பிழைக்கும். பிறகு, எல்லோரும் தன்னையே பார்க்கிறார்களே என்று அவளுக்கு வெட்கமாகிவிடும்.

ஒரு நாள் செயலாளர் அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது.

செயலாளர் ஒரு கழுதைப்புலி. புலியார் தின்றுவிட்டு வைக்கும் மிச்சத்தில்தான் அவர் ஜீவனம். தன் பெயரின் முன்பாதி பிடிக்காததால் ‘க. புலி’ என்று கையெழுத்துப் போடுவார். அவருடைய அலுவலகப் பாறைக்கு முன்னால் வரிசை நீண்டிருந்தது. வடிவுக்கு முன்னால் நின்ற குயில், சோகப் பாட்டுக்கான அனுமதியைப் புதுப்பிக்க வந்திருந்தது. சந்தோஷமாகப் பாடினால் யாரையோ கிண்டல் செய்வதாக எடுத்துக்கொள்கிறார்களாம்.

“வாம்மா. நீதானே அந்தக் கத்துற பொண்ணு?” என்றார் செயலாளர். “அண்ணன் மனசு புண்பட்டிருக்கு.”

“எந்த அண்ணன் சார்?”

“புலியண்ணன். நீ ‘புலி வருது’ன்னு கத்துறப்ப எல்லாரும் அவரை ஒரு மாதிரி பாக்குறாங்களாம்.”

“அப்ப இனிமே கத்தக் கூடாதா சார்?”

“சேச்சே! யாரு சொன்னா? சுதந்திரக் காடும்மா இது. தாராளமாக் கத்து. அனுமதி வாங்கிட்டுக் கத்து. புலி வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி விண்ணப்பம் குடுத்துரு.”

“அவர் வர்றது ஒரு வாரம் முன்னாடி எனக்கு எப்படி சார் தெரியும்?”

“தெரியாத விஷயத்தப் பேசப் போறியா? அது வதந்தி. அதுக்குப் பலகை தனியா இருக்கு.” செயலாளர் காதைச் சொறிந்துகொண்டார். “இன்னொண்ணு. பாதிக்கப்பட்டவர்கிட்ட ஆட்சேபணை இல்லேன்னு எழுதி வாங்கிட்டு வரணும்.”

“மான்கிட்டயா சார்?”

“மானா? மனசு புண்பட்டது யாருக்கு? புலியண்ணனுக்கு.”

“மானுக்கும் புண்ணாகுமே சார்...”

“அது உடம்பு. எங்க பிரிவு மனசு மட்டும்தாம்மா பாக்குது.”

வடிவு திரும்பி நடந்தாள். “ஓடைக்கரையில முட்டை வச்சிருக்கியாமே?” என்று பின்னாலிருந்து குரல் வந்தது. “பத்திரமா இரு. அக்கறையிலதான் சொல்றேன்.”

போகிற வழியில் ஒரு மந்தி மரத்திலிருந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டு அறிவுரை சொன்னது: “நடுநிலையாப் பேசணும் வடிவு. புலி வரலாம், வராமலும் போகலாம்னு சொல்லிப் பாரேன். நான் அப்படித்தான் சொல்றேன். எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல.” மரத்தில் இருப்பவர்களுக்கு நடுநிலை சுலபம் என்று வடிவு நினைத்தாள். நினைத்ததோடு சரி.

மறுநாள் புலியார் வந்தார். வடிவு பார்த்தாள். அலகை இறுக்கி மூடிக்கொண்டு முட்டைகளின் மேல் உட்கார்ந்துவிட்டாள். தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த கிழட்டுக் கலைமான் கடைசி வரை தலையைத் தூக்கவே இல்லை.

சற்று நேரத்தில் நாச்சி வந்தாள். கரையில் மேய்கிற புள்ளிமான் அவள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட வடிவின் முட்டைப் பக்கம் குளம்பு பட்டதில்லை. அவ்வளவு பார்த்து நடப்பாள்.

“நீ பாத்தே.”

“பாத்தேன்க்கா.”

“பாத்துட்டுமா வாயை மூடிக்கிட்டு இருந்தே?”

“முட்டை இருக்குக்கா...”

“எனக்குக் குட்டி இருக்குடி. நேத்துப் பொறந்தது. இன்னும் கால் நேரா நிக்கல. நீ ஒரு கத்துக் கத்தினா அதைப் புதருக்குள்ள தள்ளிருவேன். கத்தலேன்னா நான் என்னடி பண்ணுவேன்?”

மறுநாள் காலையில் வடிவு எழுந்து பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு நடந்தாள். புண்படுத்தக் கூடாது. பீதி கிளப்பக் கூடாது. அவதூறு கூடாது. ஜாடை கூடாது. ஜாடையாகப் பார்ப்பதும் கூடாது. படித்துக்கொண்டே கடைசிப் பலகைக்கு வந்தபோது அதற்குப் பின்னால் புல் அசைந்தது. வரி தெரிந்தது. எதிர்க்கரையில் நாச்சியின் குட்டி எழுந்து நிற்கப் பார்த்து, விழுந்து, மறுபடி எழப் பார்த்துக்கொண்டிருந்தது.

வடிவின் தொண்டைக்குள் அந்தக் குரல் முட்டியது. அலகைத் திறந்தாள்.

“வருக! வருக! புலிக்குலத்தின் பொற்கதிரே வருக! இதோ, எங்கள் அண்ணன் கடைசிப் பலகைக்குப் பின்னாலிருந்து புறப்பட்டு, நாவல் மரத்தைத் தாண்டி, ஓடைக்கரை மான்களை நாடி வந்துகொண்டிருக்கிறார்! வந்துகொண்டிருக்கிறார்!”

குட்டியை முகத்தால் முட்டிப் புதருக்குள் தள்ளினாள் நாச்சி. மற்ற மான்கள் மாயமாகிவிட்டன. பாய்வதற்காகப் பதுங்கியிருந்த புலியார் திகைத்துப்போய் எழுந்தார். சுற்றும் முற்றும் பார்த்தார். முகத்தில் லேசாக ஒரு சிரிப்பு. பிறகு ஒரு முன்னங்காலைத் தூக்கி, யாருமில்லாத கரையைப் பார்த்துக் கை காட்டினார்.

செயலாளர் மூச்சிரைக்க ஓடி வந்தார். “கத்தினியா?”

“வரவேற்றேன் சார்.”

அவர் பலகைகளைத் திரும்பிப் பார்த்தார். புகழக் கூடாது என்று எதிலும் எழுதவில்லை.

“விடுப்பா,” என்றார் புலியார். “பொண்ணு நல்லாத்தான் பேசுது. அந்தப் பொற்கதிர் எடத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லு.”

அதன் பிறகு புலியார் எந்தப் பக்கம் கிளம்பினாலும் வரவேற்புதான். குரல் எட்டவில்லை என்று அவரே, பக்கத்து ஊர்த் திருவிழாவில் கட்டியிருந்த கூம்பு ஒலிபெருக்கி ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து கொடுத்தார். இப்போது மலைக்கு அந்தப் பக்கத்துப் பன்றிகளும் ஓடின. புகழ் பெருகப் பெருகப் புலியாருக்கு விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. மிச்சம் விழாததால் செயலாளருக்கும் தெரிந்தது.

ஒரு மத்தியானம், ஓடைக்கரையில் படுத்திருந்த புலியாரிடம் செயலாளர் மெல்லப் பேச்செடுத்தார்.

“அண்ணே, இந்த வரவேற்புல ஏதோ வில்லங்கம் இருக்கு. நிறுத்திரலாம்ணே.”

“என்னைப் புகழ்றதை நிறுத்தச் சொல்றியா?”

“அய்யோ, இல்லண்ணே. சத்தத்தை மட்டும் கொஞ்சம்...”

“ஓ. என் பெருமை வெளிய கேக்கக் கூடாது.”

“அப்படி இல்லண்ணே. நீங்க வர்றது தெரிஞ்சதும் எல்லாரும் ஓடுறாங்கள்ல...”

“என்னைப் பாத்தா ஓடுறாங்கன்னு என் மூஞ்சிக்கு நேராவே சொல்றே!” புலியார் எழுந்து உட்கார்ந்தார். “என் மனசு இப்பத்தான்யா நெஜமாவே புண்படுது.”

சொல்லிவிட்டுச் செயலாளரை ஏற இறங்கப் பார்த்தார். பல நாளாகப் புலியாரின் கண்ணெதிரே இவ்வளவு பக்கத்தில், ஓடாமல் நின்று பேசியவர் இவர் ஒருவர்தான்.

வடிவு அலகைத் திறந்தாள். செயலாளரைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வருகிறவரை வரவேற்பது. புலியார் ஏற்கெனவே வந்துவிட்டிருந்தார். மூடிக்கொண்டாள்.

நாச்சியின் குட்டி இப்போது நன்றாக ஓடுகிறது. யாராவது யாரையாவது புகழ்வது காதில் விழுந்தால் போதும், என்ன ஏதென்று கேட்காமல் புதருக்குள் பாய்ந்துவிடுகிறது. நாச்சியும் அதைத் திருத்தப் போகவில்லை.

நீதி: ஆபத்து வருகிறது என்று சொல்ல அனுமதி கேட்டு வரிசையில் நிற்காதீர்கள். ஒலிபெருக்கி வைத்து அதை வரவேற்றுவிடுங்கள். அது நின்று கை காட்டிக்கொண்டிருக்கும், அதற்குள் ஓடிவிடலாம்.