ஆலாக்களும் என் ஆங்கிலமும்

ஒரு மொழி தெரியும் என்று சொல்ல, அந்த மொழி தெரிந்திருக்கத் தேவையில்லை. குரலில் கொஞ்சம் உறுதி இருந்தால் போதும். இந்தக் கொள்கையோடு இத்தாலியின் பலெர்மோவில் பதினொரு வருடம் நிம்மதியாக இருந்தேன். பிறகுதான் ஸ்கொட்லாந்து போனேன்.

பலெர்மோவின் லிபெர்த்தாப் பகுதியில் நான் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் இத்தாலிய அம்மாவுக்கு, அதாவது சிஞ்ஞோராவுக்கு, எழுபத்தெட்டு வயது. ஒரு தடவையாவது பஃபின் பறவையை நேரில் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. ஸ்கொட்லாந்தின் வடகோடித் தீவுகளில், கறுப்புக் கோட்டும் வண்ண அலகுமாகக் குண்டு மாப்பிள்ளை மாதிரி நிற்கும் பறவை அது.

"உனக்கு இங்கிலீஷ் வருமோ, ராஜி?" என்று கேட்டார். அவருக்கு இத்தாலியன் மட்டும்தான் தெரியும்.

"ஓம், நல்லா வரும்" என்றேன். (ஏழாம் வகுப்பில் முப்பத்தெட்டுப் புள்ளி.)

தீவில் இறங்கியதும் செம்பட்டை முடி வழிகாட்டிப் பெண் ஒரு கட்டுத் தடிகளை வைத்துக்கொண்டு பத்து நிமிடம் பேசினாள். பறவை, தலை, தடி என்று மூன்று சொற்கள் பிடிபட்டன. மிச்சத்தை நான் நிரப்பினேன்.

"தலையை நிமித்திப் பறவை பாக்கட்டாம், சிஞ்ஞோரா. கால் ஏலாத ஆக்களுக்குத் தடி குடுக்கினம்."

"என்னைப் பாக்கக் கால் ஏலாத ஆள் மாதிரியோ இருக்கு?" சிஞ்ஞோராவுக்குக் கோபம். இருவருமே தடி வாங்கவில்லை.

மற்றவர்கள் தடியைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி நடந்தார்கள். (இந்த ஊர் வழக்கமாக்கும் என்று சிரித்தேன்.)

நூறு அடி போயிருக்க மாட்டோம். புல்லில் அடைகாத்துக்கொண்டிருந்த ஆலாக்கள் என்ற கடற்பறவைகள் கூட்டமாக எழும்பின. எது உயரமாகத் தெரிகிறதோ அதைத்தான் அவை கொத்துமாம். எங்கள் இருவரில் உயரமாகத் தெரிந்தது என் கொண்டை.

சிஞ்ஞோராவைக் கீழே இருத்தி, அவர்மேல் கவிந்துகொண்டேன். வழிகாட்டி கத்திக்கொண்டே ஓடிவந்தாள்.

"என்ன சொல்றாள்?" என்று எனக்கடியிலிருந்து சிஞ்ஞோரா கேட்டார்.

"பயப்பிட ஒண்டுமில்லையாம். பறவையள் விளையாடுதாம்."

சொல்லி முடிப்பதற்குள் நெற்றியில் ஒரு கொத்து. என் இரத்தம் அவருடைய கையுறையில் சொட்டியது.

அம்மனுக்குக் குடை பிடிப்பதுபோல எங்கள் தலைகளுக்கு மேலே தடி பிடித்து, வழிகாட்டி எங்களைப் பாறை விளிம்புக்குக் கூட்டிப்போனாள். மூன்று முழத் தூரத்தில், அலகு நிறையச் சின்ன மீன்களோடு ஒரு பஃபின் எங்களைப் பார்த்தது. சிஞ்ஞோரா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். கால் மணி நேரம் விடவேயில்லை. கண்ணில் தண்ணீர். காற்றினால் என்றார்.

திரும்பும் படகில், நெற்றியில் பிளாஸ்டரோடு உண்மையை ஒப்புக்கொண்டேன். வேலை போய்விடும் என்றே நினைத்தேன்.

"ஹோட்டலிலை நீ தேத்தண்ணி கேக்க அவங்கள் துவாய் கொண்டு வந்தவங்கள். அப்பவே தெரியும்" என்றார்.

"பிறகேன் பேசாமல் இருந்தனீங்கள்?"

"இங்கிலீஷ் தெரிஞ்ச ஆளோடை போறன் எண்டு சொல்லித்தான் என்ரை மகளைச் சம்மதிக்க வைச்சனான். ஹோட்டலிலை இருந்து போனிலையும் நீ நல்லாக் கதைக்கிறாய் எண்டனான். நானும் பொய்தானே சொன்னனான்."

இன்றைக்கும் பலெர்மோவில் சீசா என்ற பகுதியிலுள்ள எங்கள் வீட்டில் பள்ளிக்கூடக் கடிதமோ டொக்டரின் சீட்டோ வந்து, "இஞ்சை தா, நான் வாசிச்சுச் சொல்றன்" என்று நான் கையை நீட்டினால் போதும். என் மகள் குசினிக்குள் போய் விளக்குமாற்றை எடுத்து வந்து, தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி பக்கத்தில் நிற்பாள். அவளுடைய தகப்பனுக்கும் தூக்கிப் பிடிக்க நீளக் கம்புள்ள ஒரு தும்புத்தடி தயாராக இருக்கும்.