இரட்டை வேலை ரிவால்வரும் தோட்டா பாயும்

வளைகுடா முழுக்கச் சலித்தாலும், தான் விற்க வேண்டிய சரக்கைத் தானே திட்டுகிற விற்பனையாளர் ஒருவர்தான் கிடைப்பார். அவர் எங்கள் தோட்டா பாய்.

தொண்ணூறுகளில் ராஸ் அல் கைமாவில், வேட்டைத் துப்பாக்கி விற்கும் கடையொன்றில் உரிமத் தாள்களும் விசாத் தாள்களும் என் பொறுப்பு. விற்பனை கவுண்டர், கீழக்கரைக்காரரான பாயின் பொறுப்பு. வாழ்நாளில் அவர் ஒருமுறைகூடச் சுட்டதில்லை. சத்தம் ஆகாது. வாடிக்கையாளர்கள் சுட்டுப் பார்த்த அட்டைகளைக் கேட்டு வாங்கி, ஓட்டைகளை அடிக்கோலால் அளந்து கோப்பில் வைப்பார். அறையில் கம்பெனி கொடுத்த சோபா-கம்-பெட் இருக்க, தரையில் படுப்பார்.

"உக்காந்தா முதுகு வலிக்குது, படுத்தா இடுப்பு வலிக்குது. ரெண்டு வேலைக்கு ஒரு சாமான்னா இதான் சார் கதி!"

அப்படிப்பட்டவரிடம் முதலாளி அர்பாப் ஒரு புது ரிவால்வரைக் கொடுத்தார். ரவை என்னும் பொடிக் குண்டுகள் நிரப்பிய வேட்டைத் தோட்டாவும் போடலாம், கைத்துப்பாக்கித் தோட்டாவும் போடலாம். பெட்டி பெட்டியாகத் தருவிக்கத் திட்டம். முதலில் பார்க்க வந்தவர் ஒரு பண்ணைக்காரர்.

"எப்படி பாய் இது?"

அர்பாப் அதில் சுட்டுப் பார்த்த இரண்டு அட்டைகளைப் பாய் எடுத்து வைத்தார். அவருடைய இந்தியைத் தமிழில் தருகிறேன்.

"நாலு எட்டுல பாம்புன்னா அச்சா. பறவைக்கு மாஃபி, உதவாது. குழலுக்குள்ள சுருள் பள்ளம் வெட்டியிருக்கு. அது ரவையைச் சுழட்டி வளையமாச் சிதறடிக்குது. பாருங்க, நடுவுல ஒரு ஓட்டை கிடையாது. புறா அங்க படுத்துத் தூங்கலாம்."

"மற்ற தோட்டா?"

"தோட்டா போடுற அறைய ரவைத் தோட்டாவுக்காக நீளமா செஞ்சிருக்கு. குட்டித் தோட்டா பள்ளத்தப் புடிக்கிறதுக்கு முன்னாடி வெத்து இடத்துல தாவுது. குறி ஆடிப்போகுது!"

பண்ணைக்காரர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அர்பாப் சிரிக்கவில்லை.

"கலாஸ்! பாய் விசா கேன்சல்!"

பாய்க்கு ஊரில் வீடு பாதிச் சுவரோடு நின்றது. கேன்சல் செய்வதோ என் வேலை. நான் நடைமுறை தவறாதவன்.

"கம்பெனிப் படிவத்துக்கு வெள்ளைப் பின்னணியில போட்டோ வேணும் பாய்" என்றேன். அந்த விதியை அன்று காலையில்தான் இயற்றியிருந்தேன்.

முதல் போட்டோவில் நிழல் என்றேன். இரண்டாவதில் சட்டை வெளிர் என்றேன். மூன்று வாரம் ஓடியது. ரிவால்வர் திட்டத்தை அர்பாப் ஓசையின்றிக் கைவிட்டார். கேன்சலைப் பற்றிக் கேட்பதையும் நிறுத்தினார். அது பாய்க்கு மட்டும் தெரியவில்லை. மூன்றாவது போட்டோவை நீட்டினார்.

"என்னால உங்களுக்குக் கெட்ட பேரு வேணாம் சார். இத வச்சு முடிச்சிடுங்க."

போட்டோவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"காது தெரியலையே பாய். வேற எடுங்க."

இரண்டு காதும், வாணலிக் கைப்பிடிபோல, தெளிவாகத்தான் தெரிந்தன.