அம்மனுக்கு வைத்த இடது கால்

உத்திரமேரூர்,
மார்கழிக் கடைசி.

சென்னையில் மில் கால்பந்து டீமில் இருக்கும் என் மகன் பொன்னனுக்கு, உன் நைனா மாசி தன் சொந்தக் கையால் எழுதுவது. நானும் உன் அம்மாவும் ஆடுகளும் சுகம். பெட்டைக்கோழிக்குத்தான் சுகமில்லாமல் இருந்தது. அதை ஞாயிற்றுக்கிழமை குழம்பு வைத்துவிட்டோம். மற்றபடி வீட்டில் ஒரு குறையும் இல்லை.

எழுத்து பெரிதாக இருக்கிறதே என்று சிரிக்காதே. முதியோர் பள்ளி டீச்சர் வசந்தகுமாரி அம்மா, "பெரியவரே, கோட்டைத் தாண்டிப் போறீங்க" என்றார். "தாண்டினா விசில் ஊதறது என் புள்ள ஆட்டத்துலதாம்மா" என்றேன். வகுப்பே சிரித்தது.

உன் கடிதத்தை நானே எழுத்துக்கூட்டிப் படித்தேன். முட்டிக்கு ஆபரேஷன் செய்துகொண்டு மறுபடி ஆடிப் பார்ப்பதா, இப்போது தற்காலிகமாகப் பார்க்கும் உதவிக் கோச் வேலையையே நிரந்தரமாக ஒப்புக்கொள்வதா, பொங்கலுக்குள் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாய். ஆபரேஷன் செய்தாலும் கால் பழையபடி ஆகும் என்று டாக்டர் உறுதி சொல்லவில்லை, இந்த வேலையும் கைவிட்டுப் போகும் என்றும் எழுதியிருந்தாய். நான் அதைப் படித்து முடிப்பதற்குள் உன் அம்மா பச்சையம்மாள் முடிவே செய்துவிட்டாள். "எம்புள்ள ஆடணும். எவனோ ஆடறதுக்கு இவன் தண்ணி தூக்கிக்கினு ஓரத்துல நிக்கணுமா? எல்லாம் அந்த எடது காலால வந்த வெனை!"

அந்தக் கதை உனக்குத் தெரியாது. உன் வலது முட்டி உடைந்தபோது, ஏரிக்கரை அம்மனுக்கு ஒரு மண்கால் செய்து வைப்பதாக அவள் வேண்டிக்கொண்டாள். குயவர் வீரபத்திரன் செய்து கொடுத்தார், நான் துண்டில் சுற்றிக் கொண்டுபோனேன், பொங்கல் வைத்தோம், கற்பூரம் காட்டினோம், கும்பிட்டுத் திரும்பும்போதுதான் அவள் கட்டைவிரலைப் பார்த்தாள். "இன்னாய்யா இது? எடது காலு கீது!" வீரபத்திரனிடம் ஓடினோம். அவர் சக்கரத்தை நிறுத்தாமலே, "பதறாத பச்சையம்மா. ஆத்தா எதிர்ல குந்திக்கினு பாக்குறா. அவளுக்கு இதான் வலது" என்றார். அன்று முதல் உன் இடது கால் இரும்பாக இருக்கிறது. வலது கால்தான் அப்படியே இருக்கிறது.

உன் கடிதம் வந்ததும் மறுபடி வேண்டிக்கொண்டாள். இந்தத் தடவை வீரபத்திரனை நம்பாமல், அவளே வாலாஜாபாத்துக்குப் போய், விரல் விரலாகத் தடவிப் பார்த்து வலது கால் ஒன்று வாங்கினாள். பஸ்ஸில் அதற்கு ஒரு சீட்டுப் பிடித்து உட்கார வைத்தாள். "இன்னா ஆயா, ஜனம் நிக்குது, காலு குந்திக்கினு வருதா?" என்று கண்டக்டர் கேட்க, "எம்புள்ள காலுய்யா, அதால நிக்க முடியாது. நீ நின்னுக்கினு வா" என்று இவள் சொல்ல, பஸ்ஸே சிரித்திருக்கிறது. அந்நேரம் எருமை ஒன்று குறுக்கே வந்தது, டிரைவர் பிரேக் போட்டார், கால் கீழே விழுந்து உடைந்தது. சரியாக முட்டியில். பஸ் ஸ்டாண்டில் இரண்டு துண்டையும் மடியில் வைத்துக்கொண்டு அழுதவளை நான்தான் போய் அழைத்துவந்தேன்.

வரும் வழியில், நான் சென்னையில் பார்த்ததைச் சொன்னேன். நீ ஆடின காலத்தில் நடவு, அறுப்பு என்று ஒருநாளும் வர முடியவில்லை. போன மாதம்தான் முதல்முறையாக வந்தேன். உங்கள் பெரிய கோச் குடை பிடித்து நாற்காலியில் இருந்தார். நீ கோட்டோரமாக நொண்டி நொண்டி ஓடிக்கொண்டிருந்தாய். ஏசுதாஸ் என்கிற பையன் பந்தை வானத்துக்கு உதைத்தபோது ஜனம், "டேய், காக்காவுக்கா போடற?" என்று கத்தியது. நீ மட்டும் கத்தவில்லை. அவன் ஓரத்துக்கு வந்ததும் காதில் என்னவோ சொன்னாய். அவன் சிரித்துவிட்டான். அடுத்த பந்தும் வெளியேதான் போனது. ஆனால் அவன் தலை தொங்கவில்லை.

போரடிக்கும்போது களத்தில் கதிர்மேல் மாடுகளை வரிசையாகப் பிணைத்துச் சுற்ற விடுவோமே, அதை நினைத்துப் பார். வெளிமாடு ஓடும், எல்லோரும் அதைத்தான் பார்ப்பார்கள். உள்மாடு நின்ற இடத்திலேயே திரும்பும். அது அடி தப்பினால் மொத்த வரிசையும் சிக்கிக்கொள்ளும். அந்த இடத்தில் புதுமாட்டைக் கட்ட மாட்டோம். பல காலம் வெளியே ஓடின மாட்டைத்தான் கட்டுவோம். அவளிடமும் இதைத்தான் சொன்னேன்.

உன் அம்மா மூக்கைச் சிந்திவிட்டு, "அப்ப அந்தப் பெரிய கோச்சு இன்னா பண்ணாரு?" என்றாள். "குடை புடிச்சிக்கினு இருந்தாரு" என்றேன். "அப்ப எம்புள்ளதான் பெரியவன்" என்று நிமிர்ந்தாள். "இனிமே அவன் பந்துமேல கால வச்சான்னு கேள்விப்பட்டேன், மீதிக் காலையும் நானே ஒடிப்பேன்!"

ஆகையால் மகனே, வேலையை ஒப்புக்கொள். ஆபரேஷன் வேண்டாம், ஆட்டமும் வேண்டாம். ஓடினவனுக்குத்தான் ஓடுகிறவன் நோவு தெரியும். அம்மன் உன் வலது காலையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளட்டும். இடதை ஏற்கெனவே பார்த்துக்கொள்கிறாள். ஏசுதாஸுக்கும் என் ஆசீர்வாதம் சொல்.

இப்படிக்கு,
கைநாட்டு வைக்காமல் கையெழுத்தே போட்ட உன் நைனா,
மாசி

பி.கு.: காணும் பொங்கலன்று நம் ஆட்களுக்கும் புள்ளலூர்க்காரர்களுக்கும் பந்தாட்டம். நம் பக்கம் ஓர் ஆள் குறைந்தது. உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். நீ ஓட வேண்டாம். கோல் பக்கத்தில் நின்று, வருகிற பந்தை இடது காலால் உதைத்தால் போதும். அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். பதிலில் தைரியமாக எழுது, படிக்கப்போகிறவன் நான்தான். நீ ஆடி நான் ஒருநாளும் பார்த்ததில்லையடா.