இருநூற்றுப் பன்னிரண்டு தரம்

“ரீச்சர், உங்கட பேருக்கு நேர ஒரு குத்துப்பாட்டு நிக்குது. இருநூற்றுப் பன்னிரண்டு தரம் கேட்டிருக்கிறியள்!”

பக்கத்துத் தேவாலயப் பங்கின் பாடகர் குழுத் தலைவி சுசிலாவின் குரல்செய்தியைக் கேட்டதும், ஆன்சலா ரீச்சரின் கையிலிருந்த மீன் குசினித் தொட்டிக்குள் நழுவியது.

முல்லைத்தீவுக் கரையில் தன் பங்கின் பாடகர் குழுவை நடத்துகிறவர் அவர். திருநாள் மேடையில் குத்துப்பாட்டு ஏறாமல் நாலு வருடமாகக் காவல் நிற்பவர். வன்னிச் சனம் என்ன பாட்டுக் கேட்கிறது என்று ஆராயும் இணையக் குழுவில் சேர்ந்ததே, சனத்தின் ரசனை எவ்வளவு கெட்டுப்போயிற்று என்று காட்டத்தான். சுசிலாவோடு சேர்த்து அதில் ஆறு பேர். அவரவர் போனின் பாட்டுக் கணக்கில் ஓடியதெல்லாம் ஒரு பொது அட்டவணையில் தானாகவே வந்து விழும்.

ரீச்சர் அந்தக் கட்டத்தை அழித்தார். ‘ஆன்சலா ஒரு பதிவை நீக்கினார்’ என்று அட்டவணை ஆறு பேருக்கும் அறிவித்தது.

“பரவாயில்லை ரீச்சர், நான் படம் எடுத்து வைச்சிருக்கிறன்,” என்றாள் சுசிலா.

“அது என்ர மனுசன் கேட்டது.”

“மரியநாயகம் அண்ணை விடிய நாலுக்கே கடலுக்குப் போறவர். பாட்டு ஏழுக்கு ஓடுது. வீட்டில மீனோ கேக்குது?”

சரி, தேவகீதத்தால் அமுக்கிவிடலாம் என்று மூன்று நாள் போனை ஓடவிட்டார். தேவகீதம் நூறைத் தொட்டது. குத்துப்பாட்டு முந்நூறைத் தாண்டியது. இடைக்கிடை போன் தானாகவே அதையும் எடுத்துப் போட்டது. மூன்றாம் நாள், தன் கால் தாளம் போடுவதைக் கண்ட ரீச்சர் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொண்டார்.

இணையக் குழுவை நடத்தும் பிரதாபன் சேர் வவுனியாவிலிருந்து அழைத்தார்.

“அற்புதம் ரீச்சர்! ஒரே காதுக்குள்ள தேவகீதமும் குத்தும்! ஞாயிறு பூசை நேரம் மட்டும் குத்து ஓடேல்லை, அதையும் கவனிச்சனான். வாற ஞாயிறு உங்கட பங்கு மண்டபத்தில பெரிய திரையில காட்டுவம்.”

திரையில் விழுந்தால் பாடகர் குழு போச்சு. ரீச்சர் பங்குத்தந்தையிடம் ஓடி, அழாக்குறையாக எல்லாவற்றையும் சொன்னார்.

“எத்தினை தரம் எண்டும் அதில காட்டுமோ?” என்று கேட்டார் அவர்.

“காட்டும் பாதர்.”

“நேரமும்?”

“நேரமும்தான்.”

பங்குத்தந்தை நெற்றியைத் துடைத்தார். “ஞாயிறு மண்டபம் தர ஏலாது. வெள்ளையடிக்கிறம் எண்டு சொல்லுங்கோ. பாட்டுக் கேக்கிறது பாவமில்லை ரீச்சர். பாடகர் குழுவையும் நீங்கள்தான் நடத்துவியள்.”

ரீச்சருக்குக் கண் கலங்கிவிட்டது. ஏச்சு வாங்க வந்த இடத்தில் இப்படியொரு இரக்கமா! இந்த நல்ல மனிதருக்கு இனித் தன்னால் ஒரு தலையிடியும் வரக்கூடாதென்று, அங்கிருந்து நேரே திலீபனின் போன் கடைக்குப் போனார்.

“தம்பி, என்ர பாட்டுக் கணக்குக்குள்ள ஆரோ பூந்திட்டினம். நான் போடாத பாட்டெல்லாம் ஓடுது. பாஸ்வேர்டை மாத்தித் தாரும்.”

திலீபன் தலையைச் சொறிந்தான்.

“மாத்தலாம் ரீச்சர். ஆனா போன மாதம் ஒரு அவசரத்துக்கு உங்கட கணக்கை இன்னொரு போனிலயும் போட்டுவிட்டனான். மாத்தினா, பாதருக்குப் பாட்டு நிண்டிடும்.”